தட்டைத் தொடாதே

ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுகிறவர்களைக் ‘கீறல் விழுந்த ரிக்கார்டு’ என்பது தமிழில் பழகிப்போன கேலி. கவனித்துப் பாருங்கள், அந்தப் பட்டம் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் கிடைக்கும். குடித்துவிட்டு வந்து பத்து வருடமாக ஒரே கதையைச் சொல்லும் மாமனுக்குக் கிடைக்காது. ஏலத்தோட்டத்துக் கூலியை என்ன செய்தாய் என்று மூன்றாம் முறை கேட்கும் அத்தைக்கு உடனே கிடைத்துவிடும். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இசைத்தட்டுகள் பரணுக்குப் போய்ப் பல காலமாகிவிட்டது. கேலி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதே கீறல் வேறோர் ஊரில் ஒரு கலையாக ஆனது. ஓடிக்கொண்டிருக்கும் தட்டைக் கையால் பிடித்து, முன்னும் பின்னும் தள்ளி, முள் உரசும் ஓசையையே தாளமாக்குவதற்கு ‘ஸ்க்ராட்ச்’ என்று பெயர். அந்தக் கலைஞர்களிடையே இருபது ஆண்டுகளாக ஒரு வழக்கு நடக்கிறது. வினைல் தட்டும் அதைச் சுழற்றும் டர்ன்டேபிளும்தான் அசல் வாத்தியமா, கம்ப்யூட்டரோடு இணைத்து வாசிக்கும் டிஜிட்டல் கன்ட்ரோலரும் வாத்தியம்தானா என்பதே வழக்கு. இதைத் தேனியிலிருந்து கேட்கிற எனக்கு வேறொரு கேள்விதான் முதலில் வருகிறது. தட்டைத் தொட யாருக்கு அனுமதி இருந்தது?

அந்த வேறோர் ஊர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. கறுப்பின மக்களும் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களும் வாழ்ந்த ஏழைக் குடியிருப்பு. ஹிப் ஹாப் வரலாறு 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்க்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், கூல் ஹெர்க் என்ற இளைஞர் தட்டுகளைச் சுழற்றிய விருந்திலிருந்து தொடங்குவதாக எழுதுவார்கள். அந்த விருந்தை நடத்தியது அவருடைய தங்கை சிண்டி கேம்ப்பெல். பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்று கூடத்தை வாடகைக்கு எடுத்து, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று கட்டணம் வைத்தவர் அவர்.

ஸ்க்ராட்ச் பிறந்த கதையிலும் ஒரு தாய் இருக்கிறார். 1975 வாக்கில் கிராண்ட் விசார்ட் தியோடர் என்ற சிறுவன் தன் அறையில் சத்தமாகத் தட்டு போட்டுக்கொண்டிருந்தான். அம்மா வந்து திட்டினார். அவர் சொல்வதைக் கேட்பதற்காகத் தட்டைக் கையால் பிடித்துக்கொண்டவன், பிடித்த கையை அசைத்தபோது எழுந்த ஓசையை விடவில்லை. பழகிப் பழகி வித்தையாக்கிக்கொண்டான். இன்னொருவர் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். தட்டு கையோடு வழுக்கி நகர வேண்டுமென்றால் அடியில் என்ன விரிப்பது என்று தேடியவர். அவருடைய அம்மா தையல் வேலை செய்தவர் என்பதால் துணிவகை அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பளித் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து விரித்தார். இன்று உலகம் முழுக்க ‘ஸ்லிப்மேட்’ என்று விற்பது அந்த வழியில் வந்ததுதான். ஆக, கூடம் பிடித்தது தங்கை, கதவருகே நின்று திட்டியது ஒரு தாய், துணியறிவு இன்னொரு தாயுடையது. மேடையில் பெயர் விழுந்தது மகன்களுக்கு.

இயந்திரத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய டர்ன்டேபிள்களில் மோட்டார் ஓரமாக இருக்கும், ரப்பர் பட்டை வழியாகத் தட்டு சுழலும். கையால் பிடித்து விட்டால் பழைய வேகத்துக்கு வர நேரம் எடுக்கும். ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 1972இல் கொண்டுவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200இல் மோட்டார் தட்டின் நேர் அடியிலேயே இருந்தது. விட்ட கணத்தில் மீண்டும் வேகம் பிடிக்கும். வீட்டில் அமர்ந்து பாட்டுக் கேட்பதற்காகச் செய்த பெட்டியை பிராங்க்ஸ் பையன்கள் வாத்தியமாக்கிவிட்டார்கள். செய்தவர்கள் ‘தட்டைத் தொடாதீர்கள்’ என்று நினைத்த இடத்தில் இவர்கள் தொட்டார்கள். இந்தக் கலையே தொடுவதுதான்.

‘தொடாதே’ என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னும் கனமான பொருள் உண்டு.

1980களில் எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் முந்தைய நாள் மாலையே ரேடியோ செட்காரர் வந்துவிடுவார். வேப்பமரத்திலோ மூங்கில் கம்பிலோ குழாய் ஏறும். திண்ணையில் ஆம்ப்ளிஃபயர், ரிக்கார்டு பிளேயர், தகரப் பெட்டியில் தட்டுகள். சுற்றிலும் பையன்கள். தட்டைத் துடைத்துக் கொடுக்கிறவன், திருப்பிப் போடுகிறவன் என்று ஒவ்வொருவனாக வேலை பழகி, பிறகு சொந்தமாகச் செட் வைப்பான். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. யார் தெருவில் நடந்தால் எந்தப் பாட்டு என்பதும், குழாயின் வாய் எந்தச் சாதித் தெருவைப் பார்க்க வேண்டும் என்பதும் அங்கே முடிவாகும். அந்தப் பாட்டு யாருக்கு என்று ஊருக்கே தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும்.

நான் பெரியவளானபோது எங்கள் வீட்டிலும் குழாய் கட்டினார்கள். என் உடம்பில் நடந்ததை ஊருக்கு அறிவிக்க ஒன்றரை நாள் பாட்டு. நானோ தீட்டு என்று மூலையில், தனித் தட்டு, தனிப் பாய், எதையும் தொடக் கூடாது. ‘விதி’ படத்தின் வசனத்தை இரவில் முழுதாகப் போட்டார்கள். 1984இல் வந்த படம். ஏமாற்றியவனை ஒரு பெண் நீதிமன்றத்தில் நிறுத்தும் கதை. அந்த வசனம் ஒலிக்காத விசேஷ வீடு அப்போது இல்லை. ஒரு பெண்ணின் வழக்கை ஊரே கேட்டுக்கொண்டிருக்க, யாருக்காகக் குழாய் கட்டியதோ அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அந்த முரண் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

குரல் என்று பார்த்தால் இசைத்தட்டு தொடங்கியதே பெண்களிடம்தான். 1902இல் கல்கத்தாவில் முதன்முதலாகப் பதிவுகள் நடந்தபோது பாடியவர்களில் கௌஹர் ஜான் முக்கியமானவர். பாட்டு முடிந்ததும் தட்டிலேயே தன் பெயரைச் சொல்லிவிடுவார். தெற்கே சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி என்று தேவதாசி மரபிலிருந்து வந்த பெண்கள் தொடக்கத்திலேயே தட்டில் பாடினார்கள். கௌரவமான வித்வான்கள் பலர் தயங்கிக்கொண்டிருந்த காலம் அது.

எங்கள் பள்ளத்தாக்கின் கதை இன்னும் நெருக்கமானது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’யில் அறிமுகமானார். அம்மா சின்னத்தாயும் ஊர்ப் பெண்களும் பாடக் கேட்ட மெட்டுகள்தான் தன் முதல் பாடம் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நடவு வயலில் பெண்கள் பாடியது சென்னைக்குப் போய், எஸ். ஜானகி, பி. சுசீலா குரல்களில் தட்டாகி, குழாய் வழியாக அதே வயலுக்குத் திரும்பி வந்தது. வழி நெடுகப் பெண் குரல், கருவியின் மேல் ஆண் கை. பெண் மேடைக்கு வந்தது ‘ரிக்கார்டு டான்ஸ்’ என்ற பெயரில். தட்டு சுழல ஆடினாள், ஊர் பார்த்தது, மறுநாள் அந்தப் பெயரே வசவாயிற்று. இன்று ‘ஆடல் பாடல்’ என்று பெயர் மாறியிருக்கிறது, வசவு மாறவில்லை.

இனி டிஜிட்டல். முதலில் வந்தது பாதிப் பாலம். 2000களின் தொடக்கத்தில் ஃபைனல் ஸ்க்ராட்ச், 2004இல் நியூசிலாந்தின் செராட்டோ. தட்டில் பாட்டு இருக்காது, முள் எங்கே, எந்த வேகத்தில் போகிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரு சமிக்ஞைதான் பதிந்திருக்கும். கை பழைய தட்டைத் தொடும், பாட்டு கம்ப்யூட்டரிலிருந்து வரும். பிறகு கன்ட்ரோலர் வந்து தட்டையும் முள்ளையும் நீக்கிவிட்டது. இரண்டு சிறிய சக்கரங்கள், நடுவில் ஃபேடர், சில பொத்தான்கள்.

வினைல்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. டர்ன்டேபிளில் தட்டு தானாகச் சுழல்கிறது, வாசிப்பவர் அதன் இழுப்போடு மல்லுக்கட்டுகிறார். சாதாரண கன்ட்ரோலரின் சக்கரம் அசையாமல் கிடக்கும். முள் துள்ளும், தட்டு தேயும், கீறல் நிரந்தரமாக விழும். இந்த ஆபத்துகள் கையை வேறு விதமாகப் பழக்குகின்றன. காதுக்கும் வித்தியாசம் தெரியும். இதை மறுக்க எனக்குக் காரணமில்லை.

ஆனால் அதே வாயில் வரும் இன்னொரு பேச்சு உண்டு: ‘பொத்தான் அமுக்குகிறவர்கள்’. இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாக ஒத்திசைக்கும் ‘சிங்க்’ பொத்தானை ஆண் தொட்டால் வசதி, பெண் தொட்டால் அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதற்குச் சாட்சி. டிஜிட்டல் வருவதற்கு முன்னாலும் அவளை நம்பியதில்லை. சால்ட்-என்-பெப்பா குழுவின் ஸ்பின்டரெல்லா 1980களிலேயே தட்டு சுழற்றினார். ஃபிலிப்பைன்ஸ் வழிவந்த குட்டின் கேண்டி 1998இல்தான் அமெரிக்க டி.எம்.சி. போட்டியின் இறுதிச்சுற்றை எட்டிய முதல் பெண்ணானார். அசல் வாத்தியம் என்று கொண்டாடும் கருவியின் வாசல் அவ்வளவு குறுகலாக இருந்திருக்கிறது. ஒரு டெக்னிக்ஸ் ஏறத்தாழ 12 கிலோ. இரண்டு வேண்டும், மிக்சர் வேண்டும், நூறு தட்டுள்ள பெட்டி இருபது கிலோவைத் தாண்டும். இன்றைய விலையில் இரண்டு டர்ன்டேபிளும் மிக்சரும் இரண்டு லட்சத்துக்கு மேல். தொடக்கநிலைக் கன்ட்ரோலர் இருபது, முப்பதாயிரத்துக்குள் கிடைக்கிறது, தோள்பையில் அடங்குகிறது.

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் அப்படித்தான் பழகினாள். கோடை விடுமுறையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் பழைய கன்ட்ரோலர் ஒன்று வாங்கினாள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மாடியறையில் வாசிக்கிறாள். திண்ணையில் எந்தச் செட்காரரின் தயவுக்கும் காத்து நிற்கவில்லை. இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

எனக்கு உறுத்துவதும் அதே ஹெட்ஃபோன்தான். வீட்டுக்குள் அடங்கும் கருவியை அனுமதிப்பது வீட்டுக்குச் சுலபம். ‘சத்தமில்லாமல் பிள்ளை பாட்டுக்கு ஏதோ செய்யுது’ என்று அக்கா பெருமையாகச் சொல்கிறாள். குழாய் ஊரைப் பிடித்து உலுக்கியது, ஆண்கள் அந்த அதிகாரத்தோடு வளர்ந்தார்கள். இப்போது கூம்புக் குழாய்க்குத் தடை, இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்று சட்டம் இருக்கிறது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போகும் வண்டிகளில் டிஜே என்று எழுதிய பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. ஒலி எங்கேயும் குறையவில்லை, அதன் அருகே நிற்பவர்களும் மாறவில்லை. ஒரு கல்யாணத்தில் வாசிக்கலாமா என்று இவள் கேட்டதற்குச் செட் உரிமையாளர் ஒருவர், பகல் என்றால் பார்க்கலாம், ராத்திரி வண்டியில் ஏறி எங்கே வருவே பாப்பா என்றாராம். விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பமெட்டு, போடிமெட்டு ஏறி ஏலக்காட்டுக்குப் போகிற பெண்களிடம் இந்த ஊர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கன்ட்ரோலர் விலையைக் குறைத்தது, எடையைக் குறைத்தது. இரவு அப்படியே இருக்கிறது.

போன மாதம் அவள் என் அம்மாவின் முளைப்பாரிக் கும்மியை போனில் பதிவுசெய்து, நான்கு அடியை எடுத்து ஸ்க்ராட்ச் செய்துகொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள். மாட்டியதும் எல்லாரும் செய்வதுபோல அம்மாவும் கத்த ஆரம்பித்துவிட்டார், தெருவுக்கே கேட்டிருக்கும்.

“ஏத்தா, என் குரலை எதுக்கு இப்பிடிப் பிடிச்சுப் பிடிச்சு விடுற?”

“நல்லா இல்லையா அம்மாச்சி?”

“நல்லாத்தான் இருக்கு. கை தட்டுற இடத்துல பிடிக்கணும், நீ அதைத் தாண்டிப் பிடிக்கிற.”

அவள் மறுபடி கேட்டுப் பார்த்து, தொடங்கும் புள்ளியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள்.