மனித உடலைத் தமிழில் உரைத்த வரலாறு: மானிப்பாய் முதல் பினாங்கு வரை

முன்னுரை

மனித உடல் எவ்வாறு இயங்குகிறது என்னும் கேள்வி எல்லா மக்களுக்கும் பொதுவானது. அதற்குரிய விடை எம்மொழியில் கிடைக்கிறது என்பது வரலாற்றைப் பொறுத்ததாகும். பினாங்கில் 1816ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பினாங்கு இலவசப் பள்ளியில் ஒரு தமிழ் வகுப்பு இடம்பெற்றது. இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் வரலாறு அவ்வகுப்பிலிருந்தே கணக்கிடப்படுகின்றது. எழுத்தும் எண்ணும் கற்பிக்கத் தமிழ் போதும் என்பதை அன்று எவரும் மறுக்கவில்லை. அறிவியலைக் கற்பிக்கவும் அது போதுமா என்பதே பின்னர் எழுந்த வினா. இவ்வினாவிற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் செயல்வழி விடை தரப்பட்டது. அம்முயற்சியையும், அதன் சொற்கள் இன்றுவரை நடந்து வந்த பாதையையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

மேலை மருத்துவத்திற்கு முன்

மேலை மருத்துவம் வருவதற்கு முன் தமிழரிடம் உடலைப் பற்றிய அறிவு இல்லாமலில்லை. வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றின் சமநிலையே உடல்நலம் எனச் சித்த மருத்துவம் கொண்டது. நாடி பிடித்து நோயறியும் முறையை வளர்த்தது. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் பரராசசேகரம் என்னும் மருத்துவ நூலில் அங்காதிபாதம் என்றே ஒரு பகுதி உண்டு. 

எனினும், இம்மரபு உடலை உயிருள்ள நிலையில் வெளியிலிருந்து நோக்கிய மரபாகும். உடலை அறுத்துப் பார்த்துக் குழாய்களின் தொடர்பைத் தேடியது ஐரோப்பிய மரபு. இதயம் குருதியைத் தள்ள, அது உடலெங்கும் சென்று மீண்டும் இதயத்திற்கே திரும்புகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நிறுவினார். வெளிச்செல்லும் குழாய்களையும் திரும்பிவரும் குழாய்களையும் இணைப்பது எது என்பதை அவரால் காண இயலவில்லை. 1661ஆம் ஆண்டு மல்பீகி நுண்ணோக்கியின் துணைகொண்டு தவளையின் நுரையீரலில் அவ்விணைப்புக் குழாய்களைக் கண்டார். ஓய்வு நிலையிலுள்ள ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது; உடலிலுள்ள குருதியின் மொத்த அளவும் ஏறத்தாழ அவ்வளவே. எனவே, சுற்றி வருதலன்றி வேறு வழியில்லை என்பது கணக்கினாலேயே விளங்கும்.

கிறீனின் பணி

இவ்வறிவைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்த இவர், மருத்துவப் பட்டம் பெற்று 1847ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தங்கி மருத்துவமும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். இடையில் சில ஆண்டுகள் தாயகத்தில் கழித்து 1862இல் மீண்டு வந்து, 1873வரை பணியாற்றினார். அவரிடம் அறுபதுக்கு மேற்பட்ட தமிழர் மருத்துவம் பயின்றனர்.

தொடக்கத்தில் ஆங்கிலவழியே கற்பித்த கிறீன், 1860களில் தமிழ்வழிக்கு மாறினார். இதற்கு அவர் கண்ட காரணம் நடைமுறை சார்ந்தது. ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர்; கிராமங்களில் மருத்துவர் இல்லாத குறை அப்படியே நின்றது. தமிழில் பயின்றவர்களே தம் மக்களிடையே தங்குவர் என அவர் கருதினார். தாம் மக்களோடு பேசவும் எழுதவும் தமிழை முறையாகக் கற்றுக்கொண்டார்.

பாடநூல் இன்றித் தமிழ்வழிக் கல்வி இல்லை. ஆகவே அவரும், அவரிடம் பயின்ற டான்வர்த், சாப்மன் போன்ற தமிழ் மருத்துவர்களும் மேலை நூல்களை வரிசையாகத் தமிழாக்கினர். கட்டர் என்பாரின் நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என வெளிவந்தது. உறுப்புகளின் அமைப்பு, அவற்றின் இயக்கம், உடலைப் பேணும் முறை ஆகிய மூன்று துறைகளையும் அத்தலைப்பின் மூன்று சொற்களே சுட்டுகின்றன. 'இரணவைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் தொடர்ந்தன. டால்ரனின் உடலியல் நூலாகிய 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளியாயிற்று. கிறீன் தாயகம் திரும்பிய பின்னும் இப்பணியைக் கைவிடவில்லை என்பதற்குப் பின்னிரு நூல்களும் சான்றாகும். அவர் 1884ஆம் ஆண்டு மறைந்தார்.

சொல்லாக்கத்தில் அவர் ஒரு வரிசைமுறையைப் பின்பற்றினார். தமிழில் சொல் உண்டா என முதலில் தேடுவார். இல்லையேல் வடமொழியை நாடுவார். அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப அமைப்பார். சித்த மருத்துவ மரபிலிருந்த அங்காதிபாதம் என்னும் பெயரையே புதிய உடற்கூற்று நூலுக்கு அவர் சூட்டியது ஆழ்ந்து நோக்கத்தக்கது. புதிய அறிவு பழைய அறிவின் வீட்டுக்குள்ளேயே குடியேறுகிறது என்னும் உணர்வைப் படிப்பவரிடம் அது ஏற்படுத்தியிருக்கும்.

சொற்கள் கூறும் உடலியல்

தமிழில் உறுப்புப் பெயர்கள் பலவற்றுள் உடலியலே பொதிந்து கிடக்கிறது. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்னும் மூன்றும் ஒரே வகைப்பாட்டைச் சேர்ந்தவை. உறுப்பின் தன்மையைத் தொட்டறிந்து இட்ட பெயர்கள். நுரை போன்றதாகையால் நுரையீரல். நுரையீரலுள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகவே உயிர்வளி குருதியில் கலக்கிறது. நுரை என்னும் ஒரு சொல்லை விளங்கிக்கொண்ட மாணவன் இவ்வுறுப்பின் இயக்கத்தில் பாதியை விளங்கிக்கொண்டவனாவான்.

வேறு சில சொற்கள் இடர்ப்பாடு தருவன. நரம்பு என்னும் சொல் பழந்தமிழில் யாழின் தந்தியையும் குறித்தது. உடலில் கயிறுபோல் தோன்றும் அனைத்தையும் குறித்தது. இன்றும் ஊசி குத்த 'நரம்பு' அகப்படவில்லை என்றே மக்கள் கூறுகின்றனர். அங்கே குறிக்கப்படுவது குருதிக் குழாய். நம் அண்டை மொழியான மலாயிலும் ஊராட் என்னும் சொல் தசைநார், குருதிக்குழாய், நரம்பு ஆகியவற்றுக்குப் பொதுவாக வழங்குகிறது. கிரேக்க மொழியில் நியூரான் என்பது முதலில் வில்லின் நாணையும் தசைநாரையுமே குறித்தது. ஆகவே, இது தமிழின் குறையன்று. கண்ணால் கண்டதற்குப் பெயரிட்ட மனித இயல்பு. ஆனால், குழாய் குருதியைக் கொண்டுசெல்வது, நரம்பு செய்தியைக் கொண்டுசெல்வது என்னும் வேறுபாட்டை நோயாளி அறியாவிடின், மருத்துவர் கூறுவது அவருக்கு விளங்காது. சொல்லாக்கம் அறிஞர்களின் பொழுதுபோக்கன்று என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இதயத்திலிருந்து வெளிச்செல்லும் குழாயை இலங்கைப் பாடநூல்கள் நாடி என்றும், திரும்பிவரும் குழாயை நாளம் என்றும், இணைக்கும் நுண்குழாயை மயிர்த்துளைக்குழாய் என்றும் வழங்குகின்றன. தமிழகத்தில் இவை முறையே தமனி, சிரை, தந்துகி எனப்படுகின்றன. மணிக்கட்டில் துடிப்பதை நாடி என்றே அனைவரும் அறிவர். துடிப்பது வெளிச்செல்லும் குழாயே என்பதால் இலங்கை வழக்குப் பொருத்தமுடையது. அதே நாட்டில் கணையம் சதையி எனவும், நுரையீரல் சுவாசப்பை எனவும் வழங்குகின்றன. ஒரே மொழியில் ஓர் உறுப்பிற்கு இரு பெயர் இருப்பது வளமாகவும் அமையலாம். ஒரு நாட்டு நூலை மற்றொரு நாட்டார் படிக்க இயலாத தடையாகவும் அமையலாம்.

பினாங்கும் மலேசியச் சூழலும்

'மனுஷ சுகரணம்' வெளியான அதே 1883ஆம் ஆண்டில்தான் பினாங்கில் குலாம் காதிறு நாவலரின் 'வித்தியா விசாரிணி' இதழ் தோன்றியது. கடல் கடந்த தமிழரும் அச்சு ஊடகத்தைக் கையாளத் தொடங்கிய காலம் அது. ஆயினும், மானிப்பாயின் மருத்துவத் தமிழ் மலாயாவில் வேரூன்றவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியையே கொண்டது. கிறீனுக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி தளர்ந்தது. மலாயாவின் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத்தவரும் ஆங்கிலக் கல்வியின் பயனாகவே வந்தனர். கிறீன் அஞ்சியது வேறொரு வடிவில் நிகழ்ந்தது எனலாம். அவ்வாறு வந்தவர்களால் இந்நாடு பயன்பெற்றது என்பதும் மறுக்கவியலாதது.

இன்று மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் கற்கும் வாய்ப்பு உண்டு. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. 2009இல் அதனைக் கைவிட முடிவு செய்யப்பட்டு, தமிழ் படிப்படியாகத் திரும்பியது. 2016இல் தொடங்கிய இருமொழிப் பாடத்திட்டம் அக்கேள்வியை மீண்டும் எழுப்பியது. இடைநிலைப்பள்ளியில் பயிற்றுமொழி மாறிவிடுவதால், தமிழில் கற்ற கலைச்சொற்கள் பயனற்றவை என்பது பெற்றோர் சிலரின் வாதம். இவ்வாதத்தைப் புறக்கணிக்க இயலாது. ஆனால், உடலியல் தேர்வுக்குரிய பாடம் மட்டுமன்று. நீரிழிவாலும் இதயநோயாலும் அவதியுறும் தாயிடம் அவர் உடலில் நிகழ்வதை விளக்கும் பொறுப்பு, அவ்வீட்டில் படித்த பிள்ளைக்கே வந்து சேர்கிறது. அவ்வேளையில் கணையம், தமனி என்னும் சொற்கள் அப்பிள்ளையின் நாவில் இருத்தல் வேண்டும்.

முடிவுரை

தமிழில் அறிவியல் இயலுமா என்னும் வினா ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே விடை பெற்றுவிட்டது. கிறீனின் முயற்சி தளர்ந்ததற்குச் சொல்வறுமை காரணமன்று. அச்சொற்களைப் பயன்படுத்தும் நிறுவனம் இல்லாமற் போனதே காரணம். எனவே, புதிய சொற்களை ஆக்குவதைக் காட்டிலும், உள்ள சொற்கள் புழங்கும் இடங்களை உருவாக்குவதே இன்று தேவைப்படுவது. மருத்துவமனையின் தமிழ்த் துண்டறிக்கை, நாளிதழின் நலப்பகுதி, தமிழ்ப்பள்ளியின் அறிவியல் வகுப்பு ஆகியவை அத்தகைய இடங்களாகும். மூன்று நாடுகளின் பாடநூல் வழக்குகளையும் ஒருங்கே காட்டும் உடலியல் சொற்கோவை ஒன்று அவற்றுக்கு அடிப்படையாக அமையும். இந்தியவியல் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி அது.