நாடுகள் கூடி வானை அளந்த வரலாறு

மும்பையிலிருந்து சென்னைக்கு இரயிலில் வரும் தமிழன்பர்கள் ரேணிகுண்டா நிலையத்தை நன்கறிவர். கடப்பையைக் கடந்து அந்நிலையத்தை அடைந்ததும் சொந்த ஊர் நெருங்கிவிட்டது என்ற எண்ணம் மனத்தில் எழும். திருமலைக்குச் செல்வோர் அங்கே இறங்குவர். முற்காலத்தில் அகலப் பாதையும் மீட்டர் பாதையும் அந்நிலையத்தில் சந்தித்தன. ஒரு பாதையில் ஓடும் வண்டி மற்றொரு பாதையில் ஓடாது. ஆகவே பயணியும் மூட்டையும் வண்டி மாற வேண்டியிருந்தது. பாதைகளின் அளவு ஒன்றான பின்னரே வண்டிகள் தடையின்றிச் செல்லத் தொடங்கின.

விஞ்ஞானத்திலும் இத்தகைய தடை நெடுங்காலம் இருந்தது. காற்றையும் காந்த சக்தியையும் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி, தனக்கு வசதியான நேரத்தில் அளந்து வந்தது. ஒரு நாட்டின் கணக்கை மற்றொரு நாட்டின் கணக்கோடு ஒப்பிட இயலவில்லை. இத்தடை நீங்கிய வரலாற்றையும், ரேணிகுண்டாவுக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூர் அதில் இடம் பெற்ற விதத்தையும் இங்கே காண்போம்.

இம்முயற்சிக்கு வித்திட்டவர் கார்ல் வைப்ரெக்ட் என்னும் ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி. 1872 முதல் 1874 வரை வட துருவக் கடலில் பனிக்கட்டிகளிடையே சிக்கித் துன்புற்றவர் அவர். எந்த நாடு துருவத்தை முதலில் எட்டும் என்ற போட்டியினால் விஞ்ஞானத்திற்கு விளையும் பயன் சிறிதே என்பதை அவர் உணர்ந்தார். பல நாடுகள் பல இடங்களில் நிலையங்கள் அமைத்து, ஒரே காலத்தில், ஒரே முறையில் அளந்தாலன்றி இயற்கையின் உண்மை புலப்படாது என்று வாதிட்டார். அவருடைய கருத்தைப் பல அரசுகள் ஏற்றன. 1882-83இல் முதலாவது சர்வதேசத் துருவ ஆண்டு நடைபெற்றது. ஆயின், அதனைக் காண அவர் உயிரோடு இல்லை; 1881இலேயே காலமாகிவிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1932-33இல் இரண்டாவது துருவ ஆண்டு நிகழ்ந்தது.

மூன்றாவதற்கு மேலும் ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க விஞ்ஞானிகள் விரும்பவில்லை. 1950இல் அமெரிக்காவில் வான் ஆலன் என்னும் விஞ்ஞானியின் இல்லத்தில் சிலர் கூடியிருந்தபோது, லாயிட் பெர்க்னர் அதனை முன்கூட்டியே நடத்தலாம் என்ற யோசனையைக் கூறினார். அந்த யோசனை வளர்ந்து சர்வதேச பூபௌதிக ஆண்டாக உருப்பெற்றது. 1957 ஜூலை 1 முதல் 1958 டிசம்பர் 31 வரை, பதினெட்டு மாதங்கள் அது நடைபெற்றது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் பங்கேற்றன. சிட்னி சாப்மன் தலைவராகவும், பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்செல் நிக்கோலே பொதுச் செயலாளராகவும் பணியாற்றினர்.

அந்த அமைப்பின் முறை கருதத்தக்கது. மையக் குழுவிடம் பெரும் பொருளும் இல்லை; கட்டளையிடும் அதிகாரமும் இல்லை. ஒவ்வொரு நாடும் தேசியக் குழு ஒன்றை அமைத்துத் தன் செலவைத் தானே ஏற்றது. எதை அளப்பது, எந்நாட்களில் அனைவரும் ஒருசேர அளப்பது, முடிவுகளை எவ்வடிவில் எழுதுவது ஆகியவற்றை மட்டும் கூடிப் பேசி முடிவு செய்தனர். சேகரித்த விவரங்கள் உலகத் தகவல் நிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. ஒன்று அமெரிக்காவில், மற்றொன்று சோவியத் நாட்டில். மூன்றாவது பிரிவு ஏனைய பல நாடுகளில் பகிர்ந்து வைக்கப்பட்டது. ஓரிடத்தில் தீங்கு நேரினும் ஏடுகள் அழியாதிருப்பதற்கு இவ்வேற்பாடு உதவியது. பனிப்போரின் கடுமையான காலத்தில், இரு வல்லரசுகளும் ஒரே திட்டத்தின் ஏடுகளைப் பாதுகாத்தன என்பது வியப்புக்குரியது. எனினும் அரசியல் முற்றிலும் விலகி நிற்கவில்லை. தைவான் சேர்ந்ததை ஏற்காமல் மக்கள் சீனம் அதிகாரபூர்வமாக விலகிக்கொண்டது. அதன் பரந்த நிலப்பரப்பு உலகக் கணக்கில் ஓர் இடைவெளியாயிற்று. கட்டாயமில்லாத கூட்டுறவின் பலமும் பலவீனமும் இங்கே ஒருங்கே விளங்குகின்றன.

இந்தியக் குழுவின் தலைவராக விளங்கியவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்கோடி வழியே செல்கிறது. அக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகற்காலத்தில் வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அதனை ஆராய்வதற்காக 1957இல் திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் காந்த ஆய்வு நிலையங்கள் நிறுவப்பட்டன. கோடைக்கானலில் முன்பே ஆய்வுக்கூடம் இருந்தது. இந்த இடங்களின் அளவுகளை வேறெந்த நாடும் நமக்காக எடுத்துத் தர இயலாது. செல்வத்தில் எளிய நாடு கூட்டுறவில் சமமாக நிற்பதற்கு, இயற்கை அளித்த இவ்விடமும் ஒரு காரணமாயிற்று.

இதே காந்த நடுக்கோட்டின் அருகே, 1963 நவம்பர் 21 அன்று, தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. ராக்கெட்டை அளித்தது அமெரிக்கா. அதில் ஏற்றிய சோடியம் ஆவிக் கருவி பிரான்சினுடையது. ஹெலிகாப்டர் சோவியத் நாட்டினுடையது. நிலமும் உழைப்பும் நம்முடையவை.

இனி ரேணிகுண்டாவின் பக்கம் திரும்புவோம். திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில், குன்றுகள் சூழ்ந்த காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. 1982 முதல் 1985 வரை உலக நாடுகள் நடு வாயுமண்டலத் திட்டத்தை நடத்தின. தரைக்கு மேல் பத்து முதல் நூறு கிலோமீட்டர் வரையிலான பகுதியை ஆராய்வது அதன் நோக்கம். அதன் மேற்பகுதிக்குப் பலூன் எட்டாது. செயற்கைக் கோளோ அங்கே நிலைத்துச் சுற்ற முடியாது. ராக்கெட் சில நிமிடங்களில் கடந்துவிடும். ஆதலின், தரையிலிருந்தே இடைவிடாது நோக்கும் ராடார் தேவைப்பட்டது. இத்தேவையை ஒட்டி எழுந்த காதங்கி ராடார், 1990களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. விண்வெளித் துறை முதலிய மத்திய அரசின் பல துறைகளும் நிறுவனங்களும் கூடி அதனை நிறுவின. 1,024 ஆன்டெனாக்கள், 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள திடலில், வரிசைக்கு 32 வீதம் நிற்கின்றன. சுற்றியுள்ள குன்றுகள் வெளியிலிருந்து வரும் வானொலி இரைச்சலைத் தடுக்கும் அரணாகின்றன.

பெரு நாட்டின் ஹிகமார்க்கா, ஜப்பானின் ஷிகராக்கி, இந்தோனேசியாவின் கோத்தோதபாங் ஆகிய இடங்களிலும் இத்தகைய பெரும் ராடார்கள் உண்டு. ஒரு ராடார் தன் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டுமே காணும். வெப்ப மண்டலத்து இடிமேகங்களிலிருந்து எழும் அலைகள் எவ்வளவு தூரம் பரவுகின்றன என்பதைப் பல இடத்துக் குறிப்புகளை இணைத்தே அறிய முடியும். 1998இல் ஜப்பானியரின் கூட்டுறவுடன் ஒளிக்கதிரால் வானை அளக்கும் கருவியும் காதங்கியில் அமைக்கப்பட்டது. 2005 முதல் அந்நிலையம் தேசிய வாயுமண்டல ஆராய்ச்சிக் கூடம் என்னும் பெயரில் இயங்கி வருகிறது.

எல்லாக் கூட்டுறவும் இம்முறையில் அமைவதில்லை. பிரான்சில் எழுந்துவரும் 'ஈட்டர்' அணுப்பிணைவு உலை, பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஒரே பெரும் இயந்திரம். அதன் ஏழு உறுப்பினருள் இந்தியாவும் ஒன்று. அங்கே நாடுகள் பெரும்பாலும் பணமாக அன்றிப் பொருளாகவே தம் பங்கைச் செலுத்துகின்றன. உலையைச் சூழும் மாபெரும் குளிர்கலத்தின் பகுதிகள் குஜராத்தின் ஹஜீராவில் செய்யப்பட்டன. ஓர் உறுப்பு தாமதமானால் முழு இயந்திரமும் காத்திருக்க வேண்டும். ஆகவே அங்கே ஒப்பந்தமும் நிர்வாகமும் கட்டுப்பாடும் மிகுதி.

இருவகைக்கும் அடிப்படை ஒன்றே. தன் பங்கு சிறிதாயினும் அதனைக் குறித்த காலத்தில், குறித்த அளவில், நேர்மையாகச் செலுத்த வேண்டும். பெற்றதை மறைக்காமல் பிறர்க்கு அளிக்க வேண்டும். ஒரு நிலையத்தில் ஒரு நாள் குறிப்பு விடுபட்டால், எங்கோ ஒரு கண்டத்தில் செய்யப்படும் கணக்கிலும் அன்று ஒரு கட்டம் வெறுமையாகும். போன நாளின் வானத்தை மறுநாள் அளக்க எவராலும் இயலாது. பூபௌதிக ஆண்டில் முறை தவறாது கருவியை நோக்கிக் குறித்தவர்களின் உழைப்பு, பூமியின் காந்த சக்தி எவ்வாறு மாறி வருகிறது என்று ஆராயும் இன்றைய அறிஞர்களுக்கும் பயன்படுகிறது. கண்ணால் காணாத பிற்காலத்தாருக்காகவும், பெயர் அறியாத பிற நாட்டாருக்காகவும் இவ்வாறு உழைப்பதே விஞ்ஞானக் கூட்டுறவின் உயிர்நிலை எனலாம்.