இருட்டைப் பெட்டியில் அடைத்த செயலாளர்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் படெக் என்று ஒரு சின்ன ஊர். 1885-ல் ஒருநாள், அங்கே ஒரு இளைஞர் டெலிபோனோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். காதில் வைக்கிறார், தட்டுகிறார், மறுபடி காதில் வைக்கிறார். ம்ஹூம்... உயிரே இல்லை. ஜன்னல் வழியாக இதைப் பார்த்த வெளியூர்க்காரர் ஒருவர் உள்ளே வந்தார். ரிசீவரைக் கழற்றி, உள்ளே செத்துக் கிடந்த ஈயை எடுத்துப் போட்டுவிட்டு மாட்டினார். போன் பேசியது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று இளைஞர் ஆச்சரியப்பட, இதைக் கண்டுபிடித்ததே நான்தான் என்றாராம் வந்தவர். அவர், அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்!

ஈ விஷயம் எவ்வளவு நிஜமோ, அதன் பலன் நிஜம். அந்த இளைஞர் ஆர்தர் மெக்கர்டி, அடுத்த சில வருடங்களில் பெல்லுக்கு அந்தரங்கச் செயலாளர் ஆனார். (கனடாவில் முதன்முதலாக 1909-ல் விமானம் ஓட்டினாரே ஜான் மெக்கர்டி, அவர் இவருடைய மகன்தான்.) நமக்கு மெக்கர்டி வேண்டியது வேறொரு காரியத்துக்காக. போட்டோ எடுப்பவர்களை இருட்டறையிலிருந்து வெளியே கூட்டி வந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

இருட்டறை எதற்கு? கேமராவுக்குள் ஃபிலிமில் விழுந்த படம் கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பர் கரைசலில் போட்டால்தான் உருவம் எழும்பும். பிறகு ஃபிக்ஸரில் போட்டு நிலைநிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் போச்சு, மொத்தமும் கறுத்துவிடும். ஆக, வீட்டில் ஒரு அறையை அடைத்து, ஜன்னலை மூடி, சிவப்பு விளக்கைப் பொருத்திக்கொண்டு, கையெல்லாம் கறையோடு உட்கார வேண்டும்.

இந்தத் தொல்லையில் ஒரு வியாபாரம் இருப்பதைப் பார்த்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-ல் அவர் விற்ற முதல் கோடக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான ஃபிலிம். எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் கழுவி, பிரிண்ட் போட்டு, புது ஃபிலிம் நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு 10 டாலர். காமர்ஸ் படித்தவன் புத்தி, எனக்கு இந்த 10 டாலர்தான் முதலில் கண்ணில் படுகிறது. கேமராவை ஒருமுறைதான் விற்க முடியும். கழுவுகிற கூலி திரும்பத் திரும்ப வரும்!

மெக்கர்டி செய்தது இதற்கு நேர் எதிர். அறையை இருட்டாக்குவானேன், ஃபிலிம் இருக்கிற பெட்டி மட்டும் இருட்டாக இருந்தால் போதாதா? அவர் கண்டுபிடித்த சாதனத்தை 1902-ல் கோடக்கே ‘டெவலப்பிங் மெஷின்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு பெட்டி. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. ஃபிலிம் சுருள் உள்ளே, மூடி மேலே. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, டெவலப்பருக்குள் ஃபிலிம் சுழலும். பட்டப்பகலில், சாப்பாட்டு மேசை மேல் வைத்தே செய்யலாம்.

கெட்டிக்காரத் தொழில்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஃபிலிமைப் பார்க்காமல் எப்படிப் பதம் தெரியும் என்பது அவர்கள் கட்சி. உண்மையில் அந்தச் சண்டை அதற்கு முன்பே பாதி முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் ஒளியையும் கருமையையும் அளந்து, 1890-ல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். டெவலப்பிங் என்பது கைராசி சமாச்சாரம் அல்ல, அளக்கக்கூடிய கணக்கு என்று அது காட்டியது. நேரமும் சூடும் சரியாக இருந்தால், கடிகாரமே போதும். பிறகு எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் வந்ததும் சிவப்பு விளக்குக்கும் வழியில்லாமல் போயிற்று. எட்டிப் பார்க்க ஆசைப்பட்டால்கூட முடியாது.

சுருள் ஃபிலிம்காரர்கள் தப்பித்தார்கள். மாட்டிக்கொண்டது ஷீட் ஃபிலிம்காரர்கள். 4-க்கு 5 அங்குலம், 8-க்கு 10 அங்குலம் என்று தனித்தனித் தகடாக வரும் ஃபிலிம் அது. ஒரு ஷாட்டுக்கு ஒன்று. சுருட்டி எந்த டப்பாவிலும் அடைக்க முடியாது. கும்மிருட்டில் தட்டுகளை வரிசையாக வைத்து, விரலால் தடவித் தடவி, அடியில் இருப்பதை உருவி மேலே வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நகம் பட்டால் கீறல். அந்தக் கீறலுக்கு மருந்து கிடையாது.

பணயம் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமா? 1941, நவம்பர் 1. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஹெர்னாண்டஸ் கிராமத்தைக் கடந்து காரில் போகிறார் ஆன்செல் ஆடம்ஸ். கிழக்கே நிலா. மேற்கே சூரியன் விழுந்துகொண்டிருக்க, கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெளிச்சம். அவசரமாக இறங்கினால் ஒளி அளக்கும் மீட்டரைக் காணோம். நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மனிதருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு, 8-க்கு 10 ஃபிலிமில் ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது!

இனி இருப்பது ஒரே ஒரு தகடு. அதை எப்படிக் கழுவினார் என்று அவரே எழுதியிருக்கிறார். நீர்த்த டெவலப்பரில் 30 விநாடி, பிறகு வெறும் தண்ணீரில் 2 நிமிடம் அசைக்காமல். இப்படிப் பத்து முறை. தண்ணீரில் கிடக்கும்போது, வெளிச்சம் அதிகம் பட்ட நிலாப் பகுதியில் ஊறியிருந்த டெவலப்பர் சீக்கிரம் தீர்ந்து, வேலை நின்றுவிடும். இருண்ட முன்புறத்தில் மட்டும் மெல்ல நடந்துகொண்டே இருக்கும். அந்தத் தகட்டிலிருந்து போட்ட பிரிண்ட் ஒன்று, 2006-ல் நியூயார்க் ஏலத்தில் ஆறு லட்சம் டாலருக்கு மேல் போனது.

மெக்கர்டியின் சுழலும் பெட்டி யோசனை ஷீட் ஃபிலிம்காரர்களுக்கும் பிற்பாடு கிடைத்தது, டிரம் வடிவத்தில். இதில் பேர் பெற்றது ஜெர்மனியின் ஜோபோ. 1923-ல் யோஹனஸ் போக்கெம்யூல் தொடங்கிய கம்பெனி, அவர் பெயரின் முன்னெழுத்துகள்தான் ஜோபோ. அவர்களுடைய ஒரு டிரம்முக்குள் 4-க்கு 5 தகடுகள் பத்து நிற்கும். டிரம்மைப் படுக்க வைத்துச் சுழற்றுவதால், அடியில் கொஞ்சம் கரைசல் கிடந்தாலே ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் தகடும் நனைந்துவிடும். கால் லிட்டர்கூட வேண்டாம். மோட்டார் இருந்தால் அது சுற்றும். இல்லாவிட்டால் உருளைகள் மேல் வைத்து நம் கையாலேயே உருட்டலாம். கீறல் கிடையாது, திட்டுத்திட்டான வானம் கிடையாது.

கிடையாத இன்னொன்றும் உண்டு. சுற்றிக்கொண்டே இருக்கும் டிரம்மில் டெவலப்பர் ஓரிடத்தில் தங்கித் தீர்ந்துபோக வழியில்லை. ஆடம்ஸ் அன்று செய்த அந்த அசையாத இரண்டு நிமிடத்தை இதில் செய்ய முடியாது. என்னைக் கேட்டால், கீறலுக்குப் பயந்தவருக்கு டிரம். அதிசய நிலா ஒன்று சிக்கினால் மட்டும், தட்டு!

டிஜிட்டல் அலையில் ஜோபோவின் சுழற்றும் மெஷின்கள் தயாரிப்பிலிருந்தே போயின. விடாக்கண்டர்கள் பழைய மெஷின்களைத் தேடித் தேடி வாங்க, 2010-களில் புது மாடல் ஒன்று திரும்பி வந்தது. இருட்டு மட்டும் முழுசாக ஒழியவில்லை. தகடுகளை டிரம்முக்குள் செருகி மூடும் அந்தச் சில நிமிடத்துக்கு, இப்போதும் ராத்திரி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அடியில் துணியைச் செருகிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.