வாசல் மாடத்திலிருந்து தோட்டத்து விளக்கு வரை

புது வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் பார்க்க நாலு கடை ஏறி இறங்குவார்கள். கதவுக்கு எந்த மரம் என்று ஒரு மாதம் பேசுவார்கள். ஆனால் வாசலுக்கும் தோட்டத்துக்கும் போடும் விளக்கு மட்டும் கடைசி நாளில் எலக்ட்ரீஷியன் பொறுப்பில் விடப்படும். அவரும் கடையில் இருப்பதிலேயே வெளிச்சம் அதிகமான ஒன்றை வாங்கி, சுவரில் உயரமாக மாட்டிவிட்டுப் போவார். வேலை முடிந்தது!

வீட்டுக்கு வெளியே எந்த விளக்கு, எங்கே, எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களான வில்லியனூரையும் பாகூரையும் வைத்து அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் மண் விளக்கு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது கிடைத்த ரோமானியப் பொருட்களில் விளக்கின் துண்டும் இருந்தது. கடல் கடந்து விளக்கு வந்த ஊர் இது. உள்ளூரிலும் மண்ணுக்குக் குறைவில்லை. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு இன்று புவிசார் குறியீடு பெற்ற கலை. அந்தக் கலையில் பெயர் பெற்ற வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

விளக்கு மலிவுதான், எரிபொருள்தான் விலை. சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள பாகூர் மூலநாதர் கோயில் போன்ற கோயில்களில் அணையாமல் எரியும் விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர். அதன் கணக்கைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தெளிவாகச் சொல்கின்றன. ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். ஓர் உழக்கு என்பது நாழியில் கால் பங்கு. அந்த நெய்க்காக ஒதுக்கப்பட்டவை 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். ஆடுகளை இடையர்கள் வாங்கி வளர்த்து, நெய்யைத் தவறாமல் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழமானாலும் குட்டிகளால் எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். அதனால்தான் இவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். முதல் குறையாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் இன்றைய அறக்கட்டளை நிதிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஒரு சுடரை எரிய வைக்க ஒரு மந்தையே தேவைப்பட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

கோயிலுக்கே இப்படியென்றால் சாதாரண வீட்டில் என்ன செய்வார்கள்? நெய் கிடையாது. இலுப்பை, புன்னை, ஆமணக்கு எண்ணெய்தான். ஆமணக்கு எண்ணெய்க்கு 'விளக்கெண்ணெய்' என்ற பெயரே இன்னும் நிலைத்திருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் திண்ணைக்கு மேலே, தெருவாசலின் இரு பக்கமும் உள்ள மாடத்தில் அகல் வைப்பார்கள். துளசி மாடம் இருந்தால் அங்கே ஒன்று. அவ்வளவுதான். எண்ணெய் தீர்ந்தால் விளக்கும் அணையும், வீடும் தூங்கும்.

இந்த மாடத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சுவருக்குள் குழிந்த சிறிய அறை. காற்று சுடரை அணைக்காது. பக்கவாட்டில் சுவர் மறைப்பதால் தெருவில் போகிறவர் கண்ணில் நேராக அடிக்காது. மேலே மூடியிருப்பதால் வெளிச்சம் வானத்துக்கும் போகாது. படிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விழும். இன்று வெளிநாட்டு விளக்கு நிறுவனங்கள் 'மறைப்பு உள்ள விளக்கு' என்று தனி விலை போட்டு விற்கும் யோசனையை நம் கொத்தனார்கள் செங்கல்லிலேயே முடித்துவிட்டார்கள்!

வருடத்தில் ஒரு நாள் மட்டும் இந்தச் சிக்கனம் தளரும். கார்த்திகை தீபத்தன்று திண்ணை, மதில், கிணற்று மேடை, மாட்டுக்கொட்டகை எல்லா இடத்திலும் அகல் ஏறும். கோயில் முன்னால் சொக்கப்பனை எரியும். பையன்கள் பனம்பூக் கரியைத் துணியில் பொதிந்து, பனை மட்டையில் கட்டி மாவளி சுற்றுவார்கள். மற்ற நாட்களில் இருட்டு இருட்டாகவே இருந்ததால்தான் அன்றைய வெளிச்சம் அப்படிப் பிரமிப்பாக இருந்திருக்க வேண்டும்.

அந்த இருட்டை ரொம்பவும் புகழ்வதும் தவறு. கழிப்பறை இல்லாத காலத்தில் இரவில் கொல்லைக்குப் போன பெண்களுக்கும், நெல் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர்களுக்கும் அது பயம்தான். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். அதனால் மண்ணெண்ணெய் வந்தபோது மக்கள் அதை விரும்பி ஏற்றார்கள். 'கிருஷ்ணாயில்' என்று பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். அரிக்கேன் விளக்கின் பெருமை அதன் கைப்பிடி. ஆள் போகும் இடத்துக்கு வெளிச்சமும் போனது. ஆள் திரும்பியதும் திரும்பியது.

பெரிய வெளிச்சம் தேவைப்பட்ட கல்யாணம், கூத்து, திருவிழாவுக்கு வாடகை பெட்ரோமாக்ஸ். 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் நகைச்சுவையால் அதன் மேன்டிலைத் தெரியாத தமிழர் குறைவு. ஆனால் அந்த மேன்டிலில் நம் மண்ணே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரியர் 1885இல் உருவாக்கிய மேன்டிலுக்குப் பின்னாளில் தோரியம் தேவைப்பட்டது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதற்கான மோனசைட் மணலைக் கண்டுபிடித்த இடம் அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சி. இன்று அது கன்னியாகுமரி மாவட்டம்.

மின்சாரம் வந்ததும் விளக்கு ஓரிடத்தில் நின்றுவிட்டது. வாசலில் ஒரு குண்டு பல்பு, தோட்டத்துப் பக்கம் ஒன்று. ஆனால் கை இன்னும் சுவிட்சில்தான் இருந்தது. காரணம், கரண்ட் பில். 60 வாட் பல்பு இரவில் 10 மணி நேரம் எரிந்தால் மாதம் 18 யூனிட். வெறும் தோட்டத்துக்கு யார் கொடுப்பார்கள்?

பிறகு 2014 வந்தது. நாட்டிலேயே முதலில் வீடுகளுக்கு எல்.இ.டி. பல்பு வழங்கும் மத்திய அரசுத் திட்டம் தொடங்கியது நம் புதுச்சேரியில்தான். அப்போது ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். 2016இல் அது 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்ததும் அதே 2014இல். 7 வாட் பல்பு ராத்திரி முழுக்க எரிந்தாலும் மாதம் 2 யூனிட் சொச்சம். 96 ஆட்டில் தொடங்கிய கணக்கு இங்கே வந்து நிற்கிறது.

மலிவானால் மிச்சம் ஆகுமா? 1865இல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் நிலக்கரி பற்றிய நூலில் இதைத்தான் கேட்டார். எந்திரம் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு கூடும் என்றார். விளக்குக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒரு பல்பு இருந்த தோட்டத்தில் மதிலுக்கு நாலு, மாமரத்துக்கு அடியில் மேல்நோக்கி ஒன்று, மொட்டைமாடியில் ஒரு ஃபிளட் லைட். அணைக்க யாருக்கும் அவசரமில்லை.

வேறு ஊராக இருந்தால் போகட்டும் என்று விடலாம். வில்லியனூருக்குப் பக்கத்தில் ஊசுட்டேரி இருக்கிறது. 2008இல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி. தெற்கே பாகூர் ஏரி, அதைச் சுற்றி நெல் வயல். குளிர்காலத்தில் இந்த நீர்நிலைகளுக்கு வலசை வரும் பறவைகள் உண்டு. இரவில் பறக்கும் பறவைகளைச் செயற்கை வெளிச்சம் திசை தடுமாற வைக்கும் என்பது நன்கு அறியப்பட்ட விஷயம். வயல் பூச்சிகளைப் பற்றி விவசாயிக்குச் சொல்லவே வேண்டாம். தண்டுத்துளைப்பானும் புகையானும் விளக்கைத் தேடி வரும் என்பதால்தான் விளக்குப்பொறியே வைக்கிறார்கள். அறுவடைக்கு முன்னால் வயலோர வீட்டில் வெள்ளை விளக்கு போட்டால் இரவுச் சாப்பாட்டில் பூச்சி விழும், வேறென்ன!

இதற்கு வழி கடினமில்லை. வாங்கும்போது அட்டையில் 6500 கெல்வின் என்று இருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை, பூச்சிகளுக்குப் பிடித்தது. 2700 அல்லது 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். வெளியில் மாட்ட ஐ.பி. 65 என்ற குறி இருக்க வேண்டும், தூசியும் பீய்ச்சும் நீரும் உள்ளே போகாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது அவசியம். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று வந்த ஃபெஞ்சலும் இந்தப் பக்கத்தை எப்படிப் புரட்டின என்று பார்த்தவர்கள் தோட்டத்தில் வயரைத் தரையோடு இழுத்துவிட மாட்டார்கள். வெளி விளக்குக்கான லைனில் கசிவைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டுக்கொள்வது உயிருக்கு நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை படி, கிணற்றடி, கழிப்பறைக்குப் போகும் பாதை, கேட்டின் பூட்டு. இந்த நான்குக்கும் முழங்கால் உயரத்தில், மேலே மூடி, கீழ்நோக்கி எரியும் சிறு விளக்கு போதும். பாதை விளக்குக்கு ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் வைத்தால், கிட்டத்தட்ட அரிக்கேன் செய்த வேலையை அது செய்துவிடும். மரத்துக்கு விளக்கு வேண்டியதில்லை, அதில் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.