மாலுமியின் கூலியும் மெட்வே ஆற்றுச் சங்கிலியும்

ஓர் அரசாங்கத்தின் தகுதியை அளந்தறிய விரும்புவோர் அதன் கணக்குப் புத்தகத்தில் இரண்டு பக்கங்களைப் புரட்டினால் போதும். வேலை செய்தவனுக்குச் சேரவேண்டிய சம்பளம் காலந் தவறாமல் சேர்ந்ததா என்பதை ஒரு பக்கம் சொல்லும். பொதுக்காரியத்திற்கென்று ஜனங்களிடம் வாங்கிய வரிப்பணம் அக்காரியத்திற்கே செலவாயிற்றா என்பதை மறுபக்கம் சொல்லும். இவ்விரண்டில் ஒன்று பொய்த்தால் மற்றொன்றும் நாளடைவில் பொய்த்துப்போம் என்பதற்குச் சரித்திரத்தில் சான்றுகள் பலவுண்டு. அவற்றுள் 1667-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம். தோட்டத்தில் செக்ரோல் எழுதும் நம்போன்றார்க்கும், அச்செக்ரோலில் பேர் விழுந்ததா என்று கேட்டு நிற்கும் நம் தொழிலாளத் தோழர்களுக்கும் இச்சரித்திரம் அந்நியமாகத் தோன்றாது.

1660-இல் நாடு திரும்பி அரியணையேறிய இரண்டாம் சார்லஸ் மன்னன், 1665-இல் டச்சுக்காரர்மீது போர் தொடுத்தான். 1641-இல் போர்த்துகீசியரிடமிருந்து நம் மலாக்காவைக் கைப்பற்றிய அதே டச்சுக்காரர்தாம் அக்காலத்தில் கடல் வாணிபத்தின் முதல்வர்கள். அவர்களுடைய வியாபாரத்தைப் பறிக்கவேண்டுமென்ற ஆசையால் ஆங்கிலேயப் பார்லிமெண்டும் தாராளமாகக் கையை நீட்டிற்று. மூன்றாண்டுகளில் வசூலிக்கத்தக்கதாக ஏறக்குறைய 25 இலட்சம் பவுன் வரிக்கு முதலில் சம்மதம் அளித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் மேலும் 12½ இலட்சம் பவுன் கொடுக்க இசைந்தது. அதற்கு முன் எந்தப் பார்லிமெண்டும் ஒரு மன்னனுக்கு இவ்வளவு பெருந்தொகையை ஒருங்கே கொடுத்ததில்லை.

இரண்டாம் தொகையைக் கொடுக்கும்போது ஜார்ஜ் டௌனிங் என்பவர் சட்டத்தில் ஒரு நிபந்தனையைப் புகுத்தினார். இப்பணம் போருக்கன்றி வேறெதற்கும் செலவாகலாகாது. கடன் கொடுத்தவர்களுக்கு அவரவர் பெயர் பதிவான வரிசைப்படியே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதே அந்நிபந்தனை. அரசன் கையைக் கட்டுவதா என்று பிரதம மந்திரியாக விளங்கிய கிளாரெண்டன் பிரபு எதிர்த்தார். எனினும் நிபந்தனை நிலைத்தது. ஆனால், நிபந்தனை எழுதுவது வேறு, அது நடந்ததா என்று கணக்குக் கேட்பது வேறு அன்றோ? கணக்குக் கேட்கும் அதிகாரம் அப்பொழுது யாருக்கும் தெளிவாக வாய்க்கவில்லை.

இனி, போரை நடத்திய மாலுமிகளின் நிலையைக் காண்போம். தேர்ந்த மாலுமி ஒருவனுக்கு இருபத்தெட்டு நாள் கொண்ட மாதத்திற்கு 24 ஷில்லிங் சம்பளம். சாதாரண மாலுமிக்கு 19 ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுன் ஆகும். இச்சம்பளமும் மாதந்தோறும் கைக்கு வருவதன்று. கப்பலைவிட்டு இறங்கும்போது, இன்னான் இத்தனை மாதம் வேலை செய்தான் என்று அதிகாரிகள் கையெழுத்திட்ட ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். அச்சீட்டை லண்டன் மாநகரிலுள்ள சம்பளக் காரியாலயத்தில் நீட்டினால் பணம் கிடைக்கவேண்டும். நீட்டியவர்களுக்குக் கிடைத்த பதிலோ, கஜானாவில் பணமில்லை என்பதே.

வயிறு காத்திருக்குமா? சாராயக் கடைக்காரனும் தரகனும் அச்சீட்டுகளைக் குறைந்த விலைக்கு வாங்கினர். உயிரைப் பணயம் வைத்து உழைத்தவனுக்குக் கிடைத்தது அரைகுறைக் காசு. காத்திருக்க வசதி படைத்தவன் பெட்டியில் சேர்ந்தது முழுப் பணம். சம்பள நாளுக்கு முன்பே கடைக்கணக்கில் கூலியைத் தொலைத்துவிட்டு, வெறுங்கையோடு லயத்திற்குத் திரும்பிய நம் முன்னோரின் கதையும் ஏறக்குறைய இதுவே. கூலியைத் தாமதிப்பது கூலியைக் குறைப்பதேயாகும் என்னும் உண்மையை நாம் இங்கு நன்கு கவனிக்கவேண்டும். சட்டத்தில் சம்பளம் குறையவில்லை. ஆனால் உழைத்தவன் வீட்டில் அது குறைந்தது.

அக்காலத்தில் கப்பற்படைக் காரியாலயத்தின் கணக்கும் கடிதமும் சாமுவேல் பீப்ஸ் என்பவர் கையில் இருந்தன. தோட்ட வழக்கிற் சொன்னால் அவர் ஒரு பெரிய கிராணி. அவர் சுருக்கெழுத்தில் இரகசியமாக எழுதிவைத்த நாட்குறிப்பு, 1825-இல் முதன்முறையாக அச்சேறி உலகறிந்ததாயிற்று. கூலி கிடைக்காத மாலுமிகள் 1665-இல் லண்டன் தெருக்களில் பட்டினியாய்க் கிடந்து புலம்பியதை அவரே அதில் எழுதியிருக்கிறார். 1666 ஜூலையில், டச்சுக்காரரிடம் சிறைப்பட்ட மாலுமிகளின் மனைவியர் முந்நூறு பேருக்கு மேல் காரியாலய முற்றத்தில் திரண்டு பணம் கேட்டுக் கதறினர். அன்றிரவு உண்பதற்கு வைத்திருந்த மான்கறிப் பலகாரத்தை அடுமனைக்கு அனுப்பினால் பசித்த அப்பெண்கள் பறித்துக்கொள்வார்களோ என்று தாம் அஞ்சியதையும் பீப்ஸ் ஒளியாமல் குறித்துள்ளார். காரியாலயத்தின் உள்ளே மான்கறி; வெளியே பட்டினி. இதற்குமேல் நாம் விளக்கவேண்டுவதில்லை.

அப்படியாயின் பணம் எங்கே போயிற்று? நியாயமாகப் பேசுவோமாயின், முழுப் பழியையும் களவின்மேல் சுமத்துவதற்கில்லை. 1665-இல் கொள்ளைநோய் லண்டனைச் சூறையாடிற்று. 1666 செப்டம்பரில் மூண்ட பெருந்தீ சுமார் 13,000 வீடுகளைச் சாம்பலாக்கிற்று. வியாபாரம் படுத்தது, வரி வசூலும் படுத்தது. கப்பற்படையின் கடன் மட்டும் 9 இலட்சம் பவுனைக் கடந்துவிட்டது. எனினும், அரண்மனையின் ஆடம்பரமும் மன்னனுடைய காதலியரின் செலவும் குறைந்ததாக ஜனங்கள் காணவில்லை. 1666-இன் இறுதியில் பார்லிமெண்டு கணக்குக் கேட்கத் தொடங்கியபோது அரசன் அதைத் தட்டிக் கழித்தான். கணக்கை மறைப்பவன் குற்றமற்றவனாயினும், அவன்மேல் சந்தேகம் விழாமற் போகாது.

1667-இன் தொடக்கத்தில் அரசாங்கம் ஒரு சிக்கன வழி கண்டுபிடித்தது. பிரேடா என்னும் நகரில் சமாதானப் பேச்சு நடக்கவிருக்கிறது. ஆகவே பெரிய போர்க் கப்பல்களைக் கடலுக்கு அனுப்பாமல் மெட்வே ஆற்றில் சாத்தம் துறைமுகத்தருகே கட்டிப்போட்டு ஆட்களைக் கலைத்துவிடுவது என்பதே அவ்வழி. ஆற்று முகத்திலுள்ள ஷீர்னெஸ் கோட்டையின் வேலை முடியவில்லை. துறைமுகத் தொழிலாளர்க்கும் பல மாதச் சம்பளம் பாக்கி. கில்லிங்ஹாம் என்னுமிடத்தில் ஆற்றின் குறுக்கே போட்ட ஓர் இரும்புச் சங்கிலியே பெருங்காவலாக நம்பப்பட்டது.

அவ்வாண்டு ஜூன் மாதம் டி ரூய்ட்டர் என்னும் டச்சுத் தளபதி தன் கப்பற்படையுடன் வந்தான். அக்கால ஆங்கிலப் பஞ்சாங்கப்படி 10-ஆம் தேதி ஷீர்னெஸ் கோட்டை வீழ்ந்தது. 12-ஆம் தேதி சங்கிலி அறுந்தது. 13-ஆம் தேதி ராயல் ஓக், ராயல் ஜேம்ஸ், லாயல் லண்டன் என்னும் மூன்று பெருங்கப்பல்கள் எரிந்தன. 1660-இல் மன்னனையே நாட்டுக்கு அழைத்துவந்த ராயல் சார்லஸ் என்னும் கப்பலை டச்சுக்காரர் கயிறு கட்டி இழுத்துச் சென்றனர். அதன் பின்புறத்தை அலங்கரித்த சிற்பப் பலகை இன்றும் ஆம்ஸ்டர்டாம் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

இந்த அவமானத்தில் எல்லாவற்றிலும் கொடியது யாதெனில், டச்சுக் கப்பல்களில் ஆங்கில மாலுமிகளும் இருந்தார்கள் என்பதே. முன்பு வெறுஞ்சீட்டுக்குச் சண்டை செய்தோம், இப்பொழுது ரொக்கப் பணத்துக்குச் சண்டை செய்கிறோம் என்று அவர்கள் கூவியதாகப் பீப்ஸுக்குச் செய்தி வந்தது. எங்கள் கணவருக்குக் கூலி கொடாத பயன் இதுவே என்று மாலுமிகளின் மனைவியர் தெருவில் நின்று சொன்னார்கள். அவர்களைத் தேசத் துரோகிகள் என்று ஏசுவது எளிது. ஆனால் யார் யாருக்கு முதலில் துரோகம் செய்தார்கள் என்று கேட்டுப் பார்க்கவேண்டாமா? அதே ஜூன் 13-ஆம் தேதி பீப்ஸ் தம் மனைவியையும் தந்தையையும் 1,300 பவுன் தங்கத்துடன் கிராமத்துக்கு அனுப்பிவைத்தார். மாலுமிக்குக் கஜானா காலி. பெரிய கிராணிக்கோ பை நிறையத் தங்கம்!

பிறகு பிரேடாவில் அவசரமாகச் சமாதானம் ஏற்பட்டது. அதன்படி நியூயார்க் ஆங்கிலேயரிடமும், நம் கடலுக்குக் கிழக்கேயுள்ள பாண்டாத் தீவுகளில் ஜாதிக்காய் விளையும் ரன் தீவு டச்சுக்காரரிடமும் நின்றன. இங்கிலாந்திலோ, யார்மேல் பழி போடுவது என்னும் கேள்வி எழுந்தது. சாத்தம் துறைமுகத்தின் அதிகாரியாகிய பீட்டர் பெட் சிறையில் அடைக்கப்பட்டார். அத்தனை பேர் செய்த தவறுகளுக்கும் ஒருவனே காரணமா என்று, பார்லிமெண்டு அங்கத்தினராக இருந்த கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல் எள்ளி நகையாடினார். பெரிய தவறுக்குச் சிறிய மனிதனைத் தேடுவது அரசாங்கங்களின் பழைய வழக்கம்.

இம்முறை பார்லிமெண்டு அதனோடு அடங்கவில்லை. 1667 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றி, போர்க் கணக்குகளைப் பரிசோதிக்க ஒன்பது கமிஷனர்களை நியமித்தது. மாலுமிகளுக்குச் சீட்டுக் கொடுத்த விஷயத்தைப் பற்றி 1668 மார்ச் 5-ஆம் தேதி பீப்ஸ் மக்கள் சபையின்முன் நின்று மூன்று மணி நேரம் பேசித் தம் காரியாலயத்தைக் காத்துக்கொண்டார். ஆனால் 1669-இல் வெளிவந்த கமிஷனர்களின் அறிக்கை, ஐந்து இலட்சம் பவுனுக்கு மேல் போரல்லாத காரியங்களுக்குச் செலவாயிற்றென்று குற்றஞ்சாட்டிற்று. அடுத்த ஆண்டு, கணக்கை நாமே பார்த்தோம், பணமெல்லாம் போருக்கே செலவாயிற்று என்று மன்னன் அறிவித்தான். செலவு செய்தவனே தணிக்கையும் செய்தால் தீர்ப்பு வேறெவ்வாறு அமையும்? விசாரணையும் ஓய்ந்தது.

எனினும் கேட்ட கேள்வி சாகவில்லை. 1672-இல் அதே மன்னன், கடன் கொடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய 12 இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட தொகையை நிறுத்திவிட்டபோது பணக்காரரும் விழித்துக்கொண்டனர். 1689-இன் உரிமைச் சட்டம், பார்லிமெண்டின் சம்மதமின்றி வரியில்லை என்று வரையறுத்தது. மன்னன் வாக்கை நம்பாதவர்கள் பார்லிமெண்டின் வாக்கை நம்பினர். 1694-இல் இங்கிலாந்து பாங்கி தோன்றி, 12 இலட்சம் பவுனை நூற்றுக்கு எட்டு வட்டியில் அரசாங்கத்துக்குக் கடனளித்தது. 1861-இல் பார்லிமெண்டில் பொதுக்கணக்குக் குழு நிலையாக அமைந்தது; 1866-இல் தலைமைக் கணக்காய்வாளர் பதவி சட்டத்தால் உண்டாயிற்று.

இவ்வளவும் ஆனபின் மாலுமியின் நிலை என்ன? கடன் கொடுத்தவனுக்கு வட்டி தவறாமல் கிடைத்தது. ஆனால் 1653-இல் ஏற்பட்ட அந்த 24 ஷில்லிங் சம்பளம் 1797 வரை, அஃதாவது 144 ஆண்டுகள், ஒரு காசும் உயரவில்லை! அவ்வாண்டு ஏப்ரலில் ஸ்பிட்ஹெட் என்னுமிடத்தில் மாலுமிகள், கப்பலுக்கு இருவர் வீதம் பிரதிநிதிகளைத் தேர்ந்து, நங்கூரம் எடுக்க மறுத்தனர். சம்பளத்தை உயர்த்துக என்பதுடன், ராத்தலுக்கு 14 அவுன்சு நிறுத்துக் கொடுக்கும் வழக்கத்தை ஒழித்து முழு 16 அவுன்சு நிறுக்கவேண்டுமென்றும் கேட்டனர். மாதத்துக்கு 5½ ஷில்லிங் உயர்வும், சரியான எடையும், மன்னிப்பும் கிடைத்தன. அதையடுத்து நோர் என்னுமிடத்தில் எழுந்த கிளர்ச்சியோ தூக்குமரத்தில் முடிந்தது. ஆகவே நாம் தெளியவேண்டுவது இது: கணக்குச் சரியாயிருத்தல் நீதிக்கு முதற்படி, உழைப்பவரும் கணக்குக் கேட்குமிடத்தில் இருந்தாலன்றி அடுத்த படி கிட்டாது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பொதுக்கணக்குக் குழுவும் தலைமைக் கணக்காய்வாளரும் இன்று இருக்கின்றனர். ஆயினும், 1எம்டிபி என்னும் அரசாங்கக் கம்பெனியைப் பற்றிய கணக்காய்வறிக்கை 2016-இல் மலேசியாவில் அரசாங்க இரகசியமாக்கப்பட்டு, 2018 மே மாதம் ஆட்சி மாறிய பிறகே வெளியாயிற்று என்பதை நாம் மறப்பதற்கில்லை. பதவிகள் இருப்பதால் மட்டும் கணக்கு வெளிவராது. கேட்பவர்கள் ஓயாமல் கேட்கவேண்டும்.

சாலை போடவும், பாலம் கட்டவும், மருத்துவமனை எழுப்பவும் செலவாகும் பணத்தில் பால்வெட்டும் தோழரின் காசும் உண்டு. கடையில் வாங்கும் பொருளுக்கெல்லாம் அவரும் வரி கொடுக்கிறார். ஆகவே கணக்குக் கேட்பது அவருடைய உரிமை. அதை இராஜத்துரோகமென்று எண்ணி அஞ்சவேண்டுவதில்லை. கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டும், ஒற்றுமை வேண்டும், பத்திரிகை படிக்கும் பழக்கம் வேண்டும். இம்மூன்றையும் தோட்டந்தோறும் வளர்ப்பது, எழுதுகோல் பிடித்துப் பிழைக்கும் நம்மவரின் நீங்காக் கடமையாகும்.