தலையாட்டினால் புரிந்ததாகுமா?

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், "இவன் பம்பு, பாய்லர் பற்றித்தான் எழுதுவான்" என்று நினைத்திருப்பார்கள். நான் எழுத வந்தது செவிலியர் வரலாறு. காரணம் என் அப்பா.

சென்ற ஆண்டு அவருக்கு இன்சுலின் ஆரம்பித்தார்கள். நான் அழகாக ஓர் அட்டவணை டைப் செய்து கொடுத்தேன். "புரிஞ்சுதாப்பா?" "புரிஞ்சுதுடா." வேலை முடிந்தது என்றிருந்தேன்.

வார்டு சிஸ்டர் விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "ஐயா, ஊசின்னதும் மனசுல என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். சற்றுப் பொறுத்து அப்பா சொன்னார்: "எங்கண்ணன் ஊசி போட ஆரம்பிச்சு மூணே மாசத்துல போயிட்டாரும்மா." பிறகு, "நீங்களே மருந்தை எடுத்துக் காட்டுங்க" என்றார் சிஸ்டர். சிரிஞ்சின் கோடுகளே அப்பாவுக்குத் தெரியவில்லை! பயம், பார்வை இரண்டுக்கும் என் அட்டவணையில் கட்டமே இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். நோயாளி தலையைத் திருப்பாமல் பார்க்கும்படி எதிரே உட்கார்ந்து பேச வேண்டும் என்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே எழுதிவிட்டார். ஆனால் நர்ஸ்-நோயாளி உறவையே சிகிச்சையின் பகுதியாக்கிக் கோட்பாடு வகுத்தவர் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லவ். டாக்டர் பெயர் சேராமல் ஒரு நர்ஸ் புத்தகம் போடுவதா என்ற தயக்கத்தில் சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்த அவர் நூல் 1952-ல் வெளிவந்தது. பதற்றத்தை அவர் 4 படிகளாகப் பிரித்தார்: லேசானது, நடுத்தரமானது, கடுமையானது, பீதி. லேசான பதற்றம் கற்க உதவும். கடுமையானால் சொல்வது எதுவும் மண்டையில் ஏறாது. ஆகவே பாடத்துக்கு முன் மனசைப் படிக்க வேண்டும். 1961-ல் இடா ஜீன் ஆர்லண்டோ இன்னொரு படி போனார்: நர்ஸ் தான் ஊகித்ததை நோயாளியிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றார். "புரிந்ததா?" என்று கேட்காமல், திருப்பிச் சொல்லவும் செய்து காட்டவும் கேட்கும் இன்றைய முறையும் இந்த எண்ணத்தோடு ஒத்துப்போவதே.

நம் வகுப்பை நினைத்துப் பாருங்கள். "டவுட் இருக்கா?" என்றால் கடைசி பெஞ்ச் மொத்தமும் "இல்லை சார்" என்போமே! தொழிற்சாலையில் இன்று என் ஆபரேட்டர்களும் அப்படித்தான் தலையாட்டுகிறார்கள். இப்போதெல்லாம் நான், "நீங்க எப்படிச் செய்வீங்க, காட்டுங்க" என்று கேட்கிறேன்.

வீட்டில் அம்மா கோடு பார்க்கிறார். அப்பா தானே போட்டுக்கொள்கிறார். என் அட்டவணை பரணில் கிடக்கிறது.