ஓசூர் வட்டாரத்தில் இடைத்தீனிப் பழக்கத்தின் வளர்ச்சி

பசித்துப் புசி என்று பெரியோர் உரைத்தது, உண்ணும் வேளையைப் பசியே நிர்ணயித்த சமுதாயத்துக்கு. ஆனால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த ஓசூரில், இரு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே உண்ணப்படும் வடையும் பன்னும் பிஸ்கட்டும், பசியைக் காட்டிலும் ஆலைச் சங்குக்கும் அருகில் நிற்கும் தோழருக்குமே அதிகம் கட்டுப்பட்டவை என்பதும், இந்நிலை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள் உருவாயிற்று என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் விவசாயமே பிரதான ஜீவனமாக இருந்த காலத்தில், கூழும் ராகிக் களியும் உழைப்பாளியின் ஆகாரமாயின. இடையே கொறிப்பதற்கு நிலமே பொருள் தந்தது: கடலை பிடுங்கும் நாளில் அவித்த வேர்க்கடலை, பனிக்காலத்தில் மொச்சை, கோடையில் மாங்காய் என்று பருவத்துக்கொன்றாக வந்து, பருவம் கழிந்ததும் தானே நின்றுவிட்ட அத்தீனி, ஆண்டு முழுவதும் நீடிக்கும் வழக்கமாக வேரூன்ற இடமில்லாதிருந்தது.

1971-இல் தோன்றிய, தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்ததைத் தொடர்ந்து, 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் பெருகியபோது, பருவத்தின் ஸ்தானத்தைக் கடிகாரம் பிடித்துக்கொண்டது. தொடர்ந்தாற்போல் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணியேனும் ஓய்வளிக்க வேண்டும் என்றும், 250 பேருக்கு மேற்பட்டோர் உழைக்கும் ஆலைகளில் உணவுச்சாலை அமைக்கக் கட்டளையிடலாம் என்றும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. முதல் உலகப் போர்க் காலத்திலேயே இந்திய ஆலைகளில் தேயிலை வணிகர் பரப்பத் தொடங்கிய தேநீர் இடைவேளை, இவ்வாறு தொழிலாளரின் உரிமையோடு கலந்து நிலைபெற்றது.

பசியின்றியும் இடைவேளையில் உண்ணும் பழக்கத்துக்கு மனோதத்துவ அறிஞர் விளக்கம் தருகின்றனர். சினிமாக் கொட்டகையில் சோளப்பொரி தின்று பழகியவர்கள், அது நாட்பட்டு நமத்துப் போயிருந்தும் புதியதற்குக் குறையாமல் தின்றனர் என்றும், வேறோர் அறையில் கொடுத்தபோது அவ்வாறு செய்யவில்லை என்றும் டேவிட் நீல், வெண்டி வுட் முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. கூட்டமாக உண்பவர் தனித்து உண்பவரைவிட அதிகம் உண்கின்றனர் என்பதை ஜான் டி காஸ்ட்ரோ நிறுவினார். ஷிப்டு மாறும் வேளையில் சிப்காட் டீக்கடை முன் நின்று பார்ப்போர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே விளங்கும்: இரவு வேலை முடித்தவர் பன்னைத் தேநீரில் தோய்க்கிறார், சேர்ந்து நிற்கும் நால்வருக்கும் இன்று ஒருவர் காசு கொடுத்தால், நாளை மற்றொருவர் கொடுத்தாக வேண்டும், வேண்டாம் என்பவர் தீனியை மட்டுமின்றி நட்பையும் மறுத்தவராகிறார்.

எல்லையின் இயல்பும் இதற்குத் துணை நின்றது. சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரின் ஐயங்கார் பேக்கரிப் பண்டங்களும் மசால் பூரியும் இங்கே சகஜமாயின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் வழங்கும் ஊரில், வடநாட்டிலிருந்து வந்தவரும் சேர்ந்து உழைக்கையில், பகிர்ந்துண்ணும் பண்டமே பாஷை தெரியாதாரிடையே முதல் பரிச்சயமாகிறது.

ஆகவே, இப்பழக்கத்தைத் தனிமனிதரின் மனோபல‌க் குறைவாகக் கருதிக் கண்டிப்பது நியாயமும் அன்று, பயனும் அன்று. வேளையும் இடமும் தோழமையும் வளர்த்த வழக்கத்தை அவற்றின் வழியாகவே திருத்துதல் கூடும். அதே இடைவேளையில், அதே கூட்டத்தின் நடுவே, எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதிலாக இவ்வட்டாரத்தின் வேர்க்கடலையும் மொச்சைச் சுண்டலும் ராகிப் பண்டமும் மலிவாகக் கிடைக்கச் செய்வது ஆலை உணவுச்சாலைகளின் கடமையாகும்.